ஆர்கெஸ்ட்ராவும் கட்டியக்காரனும்

(குற்றாலத்தில் நடந்த நம் முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேச்சு நடையைக் கூடியமட்டும் அப்படியே விட்டிருக்கிறேன்.)



செயலாளர் அண்ணாச்சி போன வாரம் போன் செய்தார். "தம்பி, டெக்னிக்கலா ஒரு இருபது நிமிஷம் பேசணும். ஆனா யாரும் தூங்கிரக் கூடாது" என்றார். மத்தியானம் இலைபோட்டுச் சாப்பாடு முடிந்த பிறகு எனக்கு நேரம் ஒதுக்கியிருப்பதும் அவர்தான். அதனால் டெக்னிக்கலில் பாதி, பாட்டில் பாதி என்று கலந்து வைத்திருக்கிறேன்.

முதலில் என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு ஒலியமைப்பு வேலையில் ஒட்டிக்கொண்டவன் நான். கல்யாண மண்டபமோ, அரங்கமோ, கோயிலோ, பள்ளிவாசலோ, சர்ச்சோ, எங்கே ஒலிபெருக்கி வைத்தாலும் பேசுகிறவர் சொல்வது கடைசி வரிசைக்குப் புரிய வேண்டும். கேட்பது வேறு, புரிவது வேறு. சத்தத்தைக் கூட்டினால் கேட்கும்; புரியும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. உயிரெழுத்தின் ஓசையெல்லாம் கீழ் அதிர்வெண்ணில் கொழுத்துக் கிடக்கும். க, ச, ட, த, ப என்று சொல்லைச் சொல்லாக்குகிற எழுத்துகள் மெலிந்தவை. அவற்றுக்கு 2000 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரையுள்ள இடம் மிக முக்கியம். அந்த இடத்தை வேறு ஓசை ஒன்று மூடிவிட்டால் 'படி' என்றானா 'கடி' என்றானா தெரியாது. நாளைக் காலையில் பேரருவிக்குக் கீழே நின்று கூட வந்தவரிடம் துண்டு கேட்டுப் பாருங்கள். சோப்பு வரும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். ஓர் இங்கிலீஷ் இசைத்தட்டைப் பற்றித் தொடங்கி மேலகரத்தில் வந்து முடிப்பதாக உத்தேசம். மேலகரம் இங்கிருந்து தென்காசி போகிற வழியில்தான் இருக்கிறது, அதனால் ரொம்பத் தூரம் கூட்டிக்கொண்டு போகமாட்டேன்.

நாங்கள் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது ஹாஸ்டலில் அறைக்கு அறை லேன் கேபிள் இழுத்திருந்தோம். யார் யாரோ விட்டுப்போன பாட்டுகள் அதில் கிடக்கும். ஒருநாள் ராத்திரி இளையராஜா ஃபோல்டரைத் தேடப்போய் ரிக் வேக்மன் என்ற பெயரில் ஒன்று அகப்பட்டது. திறந்தால் பெரிய ஆர்கெஸ்ட்ரா, கோரஸ், நடுவில் எலக்ட்ரிக் கித்தாரும் டிரம்ஸும். திடீரென்று எல்லாம் அடங்கி ஒரு மனுஷன் நிதானமாகக் கதை சொல்ல ஆரம்பித்தான். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்து, "ஏலே, இது வில்லுப்பாட்டுலா?" என்றான். அவன் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அந்தக் கேள்விதான் இத்தனை வருஷம் என்னோடு வந்திருக்கிறது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். 1960-களின் கடைசியில் ராக் இசையில் ஒரு கிளை பிரிந்தது. அதற்குப் புரோகிரசிவ் ராக் என்று பெயர். மூன்று நிமிஷப் பாட்டு போதாது என்று இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க ஒரே இசையாக வாசிக்கத் துணிந்தவர்கள் அவர்கள். தட்டு முழுவதையும் ஒரே கருத்தில், ஒரே கதையில் கோத்தால் அது கான்செப்ட் ஆல்பம். 'யெஸ்' என்ற குழுவில் கீபோர்டு வாசித்த வேக்மன், ஜூல் வெர்ன் 1864-இல் எழுதிய பூமியின் மையத்துக்குப் பயணம் போகும் நாவலை எடுத்துக்கொண்டார். லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் 1974 ஜனவரி 18 அன்று லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவும், இங்கிலீஷ் சேம்பர் கொயர் என்ற பாடகர் குழுவும், அவருடைய ராக் குழுவும் ஒரே மேடையில் ஏறினார்கள். கதை சொன்னவர் டேவிட் ஹெம்மிங்ஸ் என்ற நடிகர். ஸ்டூடியோவில் இத்தனை பேரை வைத்துப் பதிவு செய்தால் செலவு எகிறும் என்பதால் கச்சேரியையே நேரடியாகப் பதிவு செய்து அந்த வருஷமே தட்டாக வெளியிட்டார்கள். அது பிரிட்டனில் விற்பனைப் பட்டியலின் முதல் இடத்துக்குப் போனது.

இதில் நம்மைப் போன்ற ஆட்களுக்கு ருசிக்கிற செய்தி ஒன்று உண்டு. வேக்மன் எழுதியது ஏறத்தாழ 55 நிமிஷம். தட்டில் வந்தது 40 நிமிஷம். ஏன்? 33⅓ சுற்று எல்.பி. தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது நிமிஷத்துக்கு மேல் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டினால் ஓசையின் அளவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் ஊசியின் இரைச்சல் மேலே வந்துவிடும். ஆக, கதையின் நீளத்தைப் பிளாஸ்டிக் பள்ளம் தீர்மானித்தது. பிறகு அந்த இசைக்குறிப்பே தொலைந்துபோய், பல வருஷம் கழித்துக் கிடைத்து, விட்டுப்போன பகுதிகளையும் சேர்த்து 2012-இல் ஸ்டூடியோவில் மறுபடியும் பதிவு செய்தார்.

இன்னொன்று. அந்த ராயல் ஃபெஸ்டிவல் ஹால் 1951-இல் திறந்தது. ஆர்கெஸ்ட்ராவுக்கு அது வறண்ட அரங்கு என்று அன்றே விமர்சனம். அதாவது, வாசித்து நிறுத்தியதும் ஓசை சட்டென்று அடங்கிவிடும். 1960-களில் மைக்கும் ஒலிபெருக்கியும் வைத்து மின்னணு முறையில் அந்த முழக்கத்தை நீட்டிப் பார்த்தார்கள். ஆனால் வயலினுக்கு வறட்சி என்றால் பேச்சுக்கு அது யோகம். பேச்சு புரிய ஓசை ஒரு விநாடிக்குள் அடங்கினால் நல்லது. சிம்பொனிக்கு இரண்டு விநாடி வேண்டும். இரண்டும் ஒரே மேடையில் நடக்கிற நிகழ்ச்சிக்கு இரண்டிலும் சேராத அரங்கு வாய்த்தது நல்லதுக்குத்தான் என்று தொழில்முறையில் எனக்குத் தோன்றும்.

கதைசொல்லி பேசும்போது ஆர்கெஸ்ட்ரா என்ன செய்கிறது என்று கவனியுங்கள். நின்றுபோவதில்லை. ஒரே சுரத்தை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அல்லது கீழே மெதுவாக ஊர்கிறது. அந்த 2000 முதல் 4000 வரையுள்ள ஜன்னலைப் பேச்சுக்குத் திறந்து விட்டுவிடுகிறது. பேச்சு முடிந்ததும் ஜன்னலை அடைத்துக்கொண்டு பித்தளை வாத்தியங்கள் பாயும். நல்ல சமையல்காரன் சோற்றில் குழி விட்டுக் குழம்பு ஊற்றுகிற மாதிரி.

சரி, கதைசொல்லி எதற்கு? பாட்டிலேயே கதையைச் சொல்லிவிடக் கூடாதா? சொல்லலாம், ஆனால் பாட்டின் சுபாவம் அதற்கு ஒத்துவராது. பாட்டு வந்தால் நேரம் நின்றுபோகும். ஒருத்தி ஏங்குகிறாள் என்றால் பாட்டு அந்த ஏக்கத்திலேயே எட்டு நிமிஷம் உட்கார்ந்திருக்கும். நாலு நாள் நடந்தார்கள், தண்ணீர் தீர்ந்தது, மருமகன் வழி தப்பினான் என்பதைப் பாடிக்கொண்டிருந்தால் விடிந்துவிடும். அதைப் பேச்சு இரண்டு வாக்கியத்தில் முடிக்கும். நேரத்தை நகர்த்துவது கதைசொல்லி, நிறுத்துவது பாட்டு. இந்த வேலைப் பிரிவினை சரியாக விழுந்த இடத்தில் நாற்பது நிமிஷமும் ஆள் அசையமாட்டான். வெர்னுடைய நாவலில் வழி தப்பிய மருமகன் பாறைச் சுவர் வழியாக வந்த மாமன் குரலைக் கேட்டு, கேள்விக்கும் பதிலுக்கும் நடுவில் நாற்பது விநாடி என்று எண்ணி, அதைப் பாதியாக்கித் தூரத்தைக் கணக்குப் போடுகிற கட்டம் ஒன்று வரும். நமக்கு அது முதலாமாண்டு பிசிக்ஸ். அந்த மாதிரி விஷயத்தை யாராலும் பாட முடியாது, சொல்லத்தான் முடியும்.

1978-இல் ஜெஃப் வெயின் என்பவர் எச்.ஜி.வெல்ஸின் செவ்வாய்க்கிரகப் படையெடுப்புக் கதையை இரண்டு தட்டுகளாக வெளியிட்டார். அதில் கதை சொன்னவர் ரிச்சர்ட் பர்ட்டன். பர்ட்டன் 1984-இல் காலமாகிவிட்டார். 2006-இல் அந்த ஆல்பத்தை மேடையேற்றியபோதும் அதே பழைய குரலை ஓடவிட்டு, அதைச் சுற்றி ஆர்கெஸ்ட்ராவை வாசிக்க வைத்தார்கள். வாசித்தவர்கள் எல்லாம் மேடையில் இருந்தார்கள், கதைசொல்லியின் குரல் மட்டும் பழைய பதிவு. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இப்போது அம்பாசமுத்திரக்காரன் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கொடையில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்கள் இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர். நடுவில் வில், உடுக்கு, குடம், தாளம், கட்டை. அண்ணாவி வீசுகோலால் வில்லைத் தட்டிப் பாடுவார், நிறுத்துவார், வசனமாகச் சொல்வார், மறுபடி பாடுவார். பக்கத்தில் ஒருத்தர் "ஆமா" போடுவார். அந்த 'ஆமா' சும்மா இல்லை. கேட்கிறவன் சொன்னதை விழுங்குவதற்கு அரை விநாடி கொடுக்கிற ஏற்பாடு அது. டேட்டா கம்யூனிகேஷன் பாடத்தில், அனுப்பிய பாக்கெட் வந்து சேர்ந்தது என்று மறுமுனை ஒப்புக்கொண்டால்தான் அடுத்த பாக்கெட் போகும் என்று படித்தோமே, அதே சங்கதி. நம் மாவட்டத்துக்காரர் சுப்பு ஆறுமுகம் இந்தக் கலையைச் சென்னைக்கும் வானொலிக்கும் கொண்டுபோனார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது, 2022-இல் காலமானார். காந்தி கதையையும் அதே வில்லில் ஏற்ற முடியும் என்று காட்டியவர்கள் அவரும், அவருக்கு முன்னால் கலைவாணரும்.

கேட்டே கதையைப் பிடித்துக்கொள்ளும் பழக்கம் நம் சனத்துக்குப் புதுசில்லை. வானொலியில் ஒலிச்சித்திரம் போட்டால் தெருவே வாசல்படியில் உட்காரும் என்று அம்மா சொல்லக் கேட்டிருக்கிறேன். 1984-இல் வந்த 'விதி' படத்தின் கோர்ட் வசன கேசட் டீக்கடை டீக்கடையாக ஓடியது என்று சீனியர் அண்ணாச்சிகளுக்கு நான் சொல்லத் தேவையில்லை. முன் வரிசையில் தலையாட்டுகிறார்கள் பாருங்கள்.

ஆர்கெஸ்ட்ரா பக்கம் என்ன நடந்தது? 1986-இல் 'ஹவ் டு நேம் இட்', 2005-இல் திருவாசகம். புடாபெஸ்ட் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை வைத்து மாணிக்கவாசகரின் பாட்டுகளை எடுத்து ஆறு பகுதியாக இளையராஜா செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. 2025 மார்ச் 8 அன்று லண்டனில் அவருடைய சிம்பொனியும் அரங்கேறிவிட்டது. தமிழும் மேல்நாட்டு ஆர்கெஸ்ட்ராவும் ஒன்றாக உட்காருமா என்ற கேள்வியை அவர் தீர்த்துவைத்துவிட்டார். ஆனால் திருவாசகத்தில் கதை கிடையாது. அது உருகல். அதற்குக் கதைசொல்லி தேவையும் இல்லை. நான் தேடுவது கதை. கதையும் பாட்டும் மாறி மாறி வருகிற மாதிரி, தொடங்கும்போதே முழுசாகக் கட்டிவைத்த ஒரு தமிழ் ஆக்கம். அது எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டு நான் சென்னை, பெங்களூர் என்று சுற்றிக்கொண்டிருந்தேன். அது மேலகரத்தில் இருந்தது.

திரிகூடராசப்பக் கவிராயர். பதினெட்டாம் நூற்றாண்டு. பிறந்தது மேலகரம், பாடியது குற்றாலநாதரை. மதுரை நாயக்கர் முத்து விஜயரங்க சொக்கநாதர் இவருக்கு நிலம் கொடுத்தார், அந்த இடம் குறவஞ்சி மேடு. குற்றாலக் குறவஞ்சி என்றால் நமக்கெல்லாம் என்ன ஞாபகம் வரும்? பள்ளிக்கூடத்தில் மனப்பாடப் பகுதி. குரங்குகள் பழம் கொடுத்துக் கொஞ்சிக்கொள்ளும் அந்த மலைப் பாட்டு. எட்டு வரியையும் ஒப்பித்து மார்க் வாங்கினோம். இப்போது ஒரு கேள்வி கேட்கிறேன், கை தூக்குங்கள்: அந்தப் பாட்டைப் பாடுவது யார்? யாரிடம் பாடுகிறாள்? எதற்காக?

(நாலு கை எழுந்தது. அதில் இரண்டு தமிழ்த்துறை.)

பாருங்கள், தென்காசிக்காரனான எனக்கே இருபத்தெட்டு வயசு வரை தெரியாது. குறி சொல்ல வந்த சிங்கி, காதல் நோயில் கிடக்கிற வசந்தவல்லி கேட்டதற்குத் தன் மலை எப்படிப்பட்டது என்று சொல்கிற பாட்டு அது. நான் வெறும் இயற்கை வர்ணனை என்று நினைத்திருந்தேன். ஒருத்தி தன் ஊர்ப் பெருமையைச் சொல்லி எதிரில் இருக்கிறவளின் நம்பிக்கையைச் சம்பாதிக்கிற இடம் அது. முன்னும் பின்னும் இருக்கிற கதையை வெட்டிவிட்டதால் பாட்டுக்குப் பாடுகிற ஆள் இல்லாமல் போய்விட்டாள். எனக்கு இதில்தான் வருத்தம். பாட்டு பிழைத்துக்கொண்டது, சொல்கிறவள் தொலைந்துபோனாள்.

முழு நூலையும் வரிசையாக எடுத்து வைத்து, ஒலிப்பொறியாளன் கண்ணோடு ஒரு தாளில் நேரக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முதலில் கட்டியக்காரன் வருகிறான், கையில் பிரம்போடு. குற்றாலநாதர் பவனி வருகிறார் என்று அறிவிக்கிறான். உலாவைப் பார்த்துப் பெண்கள் மயங்குகிறார்கள். வசந்தவல்லி வருகிறாள், பந்தடிக்கிறாள். பந்தடிக்கிற தாளத்துக்கு எந்த ராக் டிரம்மரும் வேலையை விட்டுவிட்டு வருவான், அவ்வளவு துள்ளல். சுவாமியைப் பார்க்கிறாள், மனதைக் கொடுக்கிறாள், நிலாவைத் திட்டுகிறாள், பாங்கியைத் தூது அனுப்புகிறாள். சிங்கி வருகிறாள், மலை சொல்கிறாள், நாடு சொல்கிறாள், கையைப் பார்த்துக் குறி சொல்கிறாள், பரிசு வாங்கிக்கொண்டு போகிறாள். அதோடு தலைவி கதை முடிகிறது. பிறகு சிங்கன் வருகிறான், நூவனோடு பறவை பிடிக்கக் கண்ணி வைக்கிறான், பெண்டாட்டியைக் காணோமே என்று தேடுகிறான், கடைசியில் கண்டுபிடிக்கிறான். தட்டின் முதல் பக்கம் வசந்தவல்லிக்கு, இரண்டாம் பக்கம் சிங்கனுக்கும் சிங்கிக்கும். கவிராயர் எல்.பி. தட்டுக்கே எழுதினாரோ என்று சந்தேகம் வருகிற மாதிரி வெட்டு.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் உள்ளே இருக்கிறது. பல இடங்களில் முதலில் விருத்தம் வரும். அது செய்தி சொல்லும்: இன்னார் வந்தார், இப்படி நின்றார், இதைக் கேட்டார். அடுத்து ராகமும் தாளமும் குறித்த பாட்டு வரும். அது அதே செய்தியை ஆடிக் காட்டும். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது, பேச்சுக்கு அடுத்த வீடு அது. பாட்டுக்குத் தாளம் உண்டு. நேரத்தை நகர்த்துவது ஒன்று, நிறுத்துவது ஒன்று. 1974-இல் லண்டனில் செய்த வேலைப் பிரிவினை இங்கே அதற்கு இருநூறு வருஷத்துக்கு முன்பே போட்டாகிவிட்டது. நம்மாட்கள்தான் எல்லாம் முதலில் கண்டுபிடித்தார்கள் என்று மார்தட்ட நான் வரவில்லை, அந்த வியாதி எனக்குக் கிடையாது. வேக்மனுக்கு நம் கவிராயரைத் தெரியாது. இருட்டில் கதை சொல்ல உட்காருகிற எவனுக்கும் இந்தத் தேவை வரும், அவ்வளவுதான்.

இந்த நூல் மேடை ஏறாமல் இல்லை. ருக்மிணி தேவி 1944-இல் கலாக்ஷேத்ராவில் நாட்டிய நாடகமாகச் செய்தார். கச்சேரிகளில் இரண்டொரு பாட்டு பாடுகிறார்கள். ஆனால் நாட்டியத்தில் கண் வேலை செய்கிறது. அபிநயம் பார்த்தே கதை புரிந்துவிடும். ஆல்பத்தில் கண் கிடையாது. அங்கே விருத்தத்தை வெட்டினால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். இங்கே ரசிகமணி டி.கே.சி. தம் கடைசிக் காலத்தை இந்தக் குற்றாலத்தில்தான் கழித்தார். பாட்டைக் கண்ணால் படிக்காதே, காதால் கேள் என்பதுதான் அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னதன் சாரம். அவர் இருந்த ஊரிலேயே இந்த நூலை முதலிலிருந்து கடைசி வரை காதால் கேட்டவர்களைத் தேடினால் எத்தனை பேர் தேறுவார்கள்?

தேடினேன். ஒருத்தர் தேறினார்.

மேலகரத்தில் ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் அய்யா ஒருத்தர். வயது எண்பத்து நாலு. பெயரைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அவருக்கு முழு நூலும் மனப்பாடம். புத்தகத்தில் போட்டிருக்கிற ராகத்தில் சிலவற்றைப் பாடுகிறார், சிலவற்றை அவர் அப்பா பாடிய மெட்டில் பாடுகிறார். விருத்தத்தை அவர் சொல்கிற விதம் இருக்கிறதே, அதைப் பாட்டு என்றும் சொல்ல முடியாது, பேச்சு என்றும் சொல்ல முடியாது. கட்டியக்காரன் வருகிற இடத்தில் உட்கார்ந்திருக்கிற ஈசிச்சேரில் நிமிர்ந்து, உயிரெழுத்தையெல்லாம் நீட்டி, ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஓர் இடைவெளி விட்டுச் சொல்வார். மைக் இல்லாத காலத்தில் கூட்டத்தைத் தாண்டிக் குரல் போக வேண்டும் என்றால் அப்படித்தான் சொல்ல முடியும். ஒலியமைப்பில் பத்து வருஷம் கழித்து நான் கற்றுக்கொண்டதை அவர் தொண்டையில் வைத்திருக்கிறார்.

நம் பேட்ச் பையன்கள் மூன்று பேர் சேர்ந்து அவரைப் பதிவு செய்ய ஆரம்பித்தோம். இதுவரை நாலு ஞாயிற்றுக்கிழமை, மொத்தம் மூன்று மணி பத்து நிமிஷம். அவர் வீட்டுப் பின்னால் வாய்க்கால், முன்னால் பஸ் ரூட். ஜன்னலுக்கு ஜமுக்காளம் கட்டி, கட்டிலை நிமிர்த்தி வைத்து, அடுக்களையில் குக்கர் விசில் வந்தால் நிறுத்தி, மறுபடி எடுத்து... ஸ்டூடியோவில் கிடைக்காத ஒரு நிதானம் அந்தப் பதிவில் இருக்கிறது. சென்னையில் நமக்குத் தெரிந்த வயலின்காரர்கள் எட்டுப் பேர், செல்லோ ஒன்று, ஒரு நாகஸ்வரம், தவில், உடுக்கு, அதோடு பேஸ் கித்தார், டிரம்ஸ், கீபோர்டு. புடாபெஸ்ட் போக நம்மிடம் வசதி இல்லை, போகவும் வேண்டாம். அய்யாவின் குரல் நடுவில் இருக்கும், வாத்தியங்கள் அதைச் சுற்றி வாசிக்கும். பர்ட்டன் குரலுக்குச் செய்தார்களே, அந்த மாதிரி.

இதைக் கேட்டதும் நண்பர்களிடமிருந்து மூன்று ஆலோசனைகள் வந்தன. முதலாவது, பாட்டுகளை மட்டும் ஐந்து ஐந்து நிமிஷமாக வெட்டிப் போடு, விருத்தத்தை யாரும் கேட்கமாட்டான், தள்ளிவிட்டுப் போய்விடுவான் என்பது. தள்ளுகிறவன் தள்ளட்டும். வெட்டினால் மறுபடியும் அந்தக் குரங்குப் பாட்டு கதிதான். இப்போது தட்டில் பள்ளம் வெட்டுகிற தொல்லை இல்லை, நாமாக எதற்கு வெட்ட வேண்டும்? இரண்டாவது, அய்யாவின் குரலைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டால் மீதியை அதுவே சொல்லிவிடும் என்பது. செய்ய முடியும். நானே செய்து தர முடியும். ஆனால் ஓர் இடத்தில் அவர் நிறுத்துகிறாரே, அது அவர் மூச்சு முட்டியதாலா, அப்பா அங்கே நிறுத்தியதாலா, எதிரில் உட்கார்ந்திருக்கிற எனக்குப் புரிந்ததா என்று பார்ப்பதாலா? பெரும்பாலும் மூன்றாவது. கம்ப்யூட்டருக்கு எதிரில் யார் உட்கார்ந்திருப்பார்கள்? மூன்றாவது ஆலோசனை, சிங்கன் சிங்கி பகுதியைக் காமெடியாக்கிவிடலாம் என்பது. அதற்கு மட்டும் எனக்குக் கோபம் வந்தது. குறவர் வேஷம் போட்டுக் கோணல் பேச்சு பேசிச் சிரிக்க வைக்கிற மேடைப் பழக்கம் நமக்கு வேண்டாம். அந்த நூலில் எல்லாரையும்விட விவரமானவள் சிங்கி. ஊர் ஊராக நடந்து, வித்தையைக் காட்டி, சம்பாதித்துக்கொண்டு வருகிறவள். அவளைக் கோமாளியாக்க யாருக்கும் உரிமை இல்லை.

நாலு ஞாயிற்றுக்கிழமையில் முதல் பக்கம் முடிந்தது. சிங்கன் பறவை பிடிக்கிறதும் முடிந்தது. அவன் சிங்கியைக் கண்டுபிடிக்கிற இடத்தில் நின்றுவிட்டது. அது கேள்வியும் பதிலுமாகப் போகிற பாட்டு. அவள் உடம்பில் கிடக்கிற நகை ஒன்றும் அவனுக்குத் தெரியவில்லை. காலில் சுற்றியிருப்பது பாம்போ என்று பயப்படுவான், அவள் அது இன்ன ஊரில் குறி சொல்லி வாங்கின சிலம்பு என்பாள். இப்படி ஒவ்வொன்றாக. கேட்பவன் ஒருத்தன், சொல்பவள் ஒருத்தி.

அய்யா அதைப் பாடமாட்டேன் என்கிறார். சிங்கன் பகுதி அவருடையது, சிங்கி பகுதி ஆச்சியுடையது. கல்யாணமான புதுசில் ஆச்சிக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் தெரியும். இந்தப் பாட்டை வைத்துத்தான் இவர் அவருக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுத்தாராம். அதன்பிறகு ஐம்பது வருஷம் சாயங்காலங்களில் இவர் கேட்பார், அடுக்களையிலிருந்து ஆச்சி பதில் சொல்வார். ஆச்சி போய் மூன்று வருஷம் ஆகிறது. "ரெண்டு பேச்சையும் நானே பேசுனா அது குறவஞ்சி இல்ல தம்பி, பொலம்பல்" என்றார். நான் மைக்கை அணைத்துவிட்டேன். காப்பி வந்தது, குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

அப்புறம் அவரே போன வாரம் போன் செய்தார். சொல்லிக்கொடுத்தால் பாடுகிற மாதிரி ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா, பாடத் தெரிந்தால் போதும், ஆனால் பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சாக இருக்கணும், எனக்குப் பயப்படாமல் பதில் சொல்லணும் என்றார். கடைசி நிபந்தனைதான் கடினம். அவரிடம் படித்தவர்கள் இந்த அரங்கிலேயே ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தெரியும்.

ஆக, அக்காமார்களே, தங்கைகளே, உங்கள் வீட்டில் பாடுகிற பெண் பிள்ளைகள் இருந்தாலும் சரி. வருகிற ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மேலகரத்தில் இருப்போம். நான் தென்காசி கோபுரத்துக்கு முன்னால் ஒன்பதரைக்குக் காரோடு நிற்கிறேன். பாட்டு எழுதிய தாள் பத்துப் படி ஜெராக்ஸ் எடுத்து, வாசலில் பெயர் பதிகிற மேஜையில் வைத்திருக்கிறேன். சிங்கியின் வரிகளுக்கு அடியில் பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். எடுத்துக்கொண்டு போய் ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.